நிலவறையில் ஒரு மகிழுந்து

1957 ஜூன் திங்களில் அமெரிக்காவின் துல்சா நகரம் ஒரு புத்தம்புதிய மகிழுந்தை மண்ணில் புதைத்தது. ஓக்லகோமா மாநிலம் தோன்றிய 50ஆம் ஆண்டு விழா அது. பொன்னிறமும் வெண்மையும் பூசிய பிளிமத் பெல்வெடியர் வண்டிக்குக் களிம்பு தடவி, பிளாஸ்டிக் உறை சுற்றி, நீதிமன்றப் புல்தரைக்கு அடியில் கட்டிய கான்கிரீட் அறைக்குள் இறக்கினார்கள். அணுகுண்டையும் தாங்கும் அறை என்று பெருமை பேசப்பட்டது. 2007இல் பெட்ரோலே வழக்கொழிந்து போயிருக்கக்கூடும் என்றெண்ணி, வண்டியுடன் பெட்ரோலையும் வைத்துப் புதைத்தார்களே, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். 2007ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகையை மிக நெருங்கி ஊகிப்பவருக்கு வண்டி பரிசு.

ஐம்பதாண்டு கழித்து அறையைத் திறந்தபோது பெட்ரோல் தெருவுக்குத் தெரு விற்றுக்கொண்டிருந்தது, வண்டிதான் இல்லை. உருவம் இருந்தது, உறைக்குள்ளே செந்நிறச் சேறு பூசிக்கொண்டு. அறைக்குள் எப்போதோ தண்ணீர் புகுந்து, சில அடி உயரத்துக்குத் தேங்கியிருந்தது. பின்புற வில்கள் அரிபட்டு வண்டி தாழ்ந்து கிடந்தது. ஆனால் அதே அறையில் அதே நீருக்கிடையே கிடந்த ஓர் எஃகுக் கலத்தைத் திறந்தபோது, உள்ளிருந்த தாள்களும் கொடியும் ஈரம் படாமல் இருந்தன. கலத்தின் வாய் முற்ற அடைக்கப்பட்டிருந்தது. வண்டியோ வெறுமனே சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

சுற்றி வைப்பதில் ஒரு கேடு உண்டு. நீர் உள்ளே போக வழி இருக்கும், உலர்ந்து வெளியேற வழி இராது. துருப்பிடிக்க இரும்புக்கு நீரும் வேண்டும், உயிர்வளியும் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மேல் படிந்து வேலையைத் தொடங்கிவிடும். பிறக்கும் துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. பூச்சு கொப்பளித்து உரிவதும், இரு தகடுகள் சேரும் மடிப்பு பிளந்து வாய் திறப்பதும் அதனால்தான். ஓட்டைக் கூரையானாலும் காற்றாடும் கொட்டகை, மூடிய நிலவறையைவிட மேல் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

முழுக்க மூழ்கியே கிடந்தாலும் எல்லாப் பகுதியும் ஒரேபோல அழிவதில்லை. சுவிட்சர்லாந்து எல்லைக்குள் மஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்த 1925ஆம் ஆண்டுப் புகாட்டி ஒன்றை 2009இல் மேலே தூக்கினார்கள். திறந்த நீரை நோக்கியிருந்த பக்கம் அரித்துப் போயிருந்தது. உயிர்வளி எட்டாத வண்டலில் அமிழ்ந்திருந்த பக்கம் பெரிதும் தப்பியிருந்தது. ஓடவே ஓடாத அந்தத் துருக்கூடு மறு ஆண்டு ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போயிற்று.

ஓடும் ஆற்றல் மட்டும் விலையாவதில்லை என்பது இங்கே தெரிகிறது. 1937இல் செய்த புகாட்டி 57எஸ் அடலான்ட் வண்டி ஒன்று, பந்தய வீரர் ஹௌ பிரபுவிடம் முதலில் இருந்தது, பின்னர் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் 1960களிலிருந்து தூசியடைந்து நின்றது. 2009இல் பாரிஸ் ஏலத்தில் 34 இலட்சம் யூரோவைத் தாண்டியது. மதிப்பிடுவோர் இத்தகைய வண்டியில் முதலில் தேடுவது பளபளப்பை அன்று. அடிச்சட்ட எண், பொறி எண், பழைய ஆவணங்கள் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, எத்தனை உறுப்புகள் பிறந்தபோது இருந்தவை, எத்தனை பின்னாளில் மாற்றியவை என்றே துருவுகிறார்கள். மறுபூச்சு எப்போது வேண்டுமானாலும் பூசலாம். முதற்பூச்சு போனால் போனதுதான். பிரான்சில் வெளிப்பட்ட ஒரு குடும்பச் சேமிப்பிலிருந்து 2015இல் ஏலத்துக்கு வந்த ஃபெராரி ஒன்றரைக் கோடி யூரோவுக்கும் மேல் விலைபோனபோது, அதன்மேல் கொட்டகைத் தூசியைக்கூடத் துடைக்காமலே நிறுத்தியிருந்தார்கள்.

பெல்வெடியரோ பெரும் எண்ணிக்கையில் செய்த வண்டி. நல்ல நிலையில் ஒன்றை வாங்குவதைவிடத் துருவேறியதைச் செப்பனிடுவதற்கே செலவு மிகும்.

இனி, உலர்ந்த இடத்தில் நின்ற வண்டி ஒன்று கைக்கு வருகிறது என்று கொள்வோம். சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையே முதற்பகை. பொறி எந்த நிலையில் நின்றாலும் அதன் உருளைகளுள் ஒன்றிரண்டின் அடைப்பிதழ் திறந்தே இருக்கும். அந்த உருளை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஊர்க்காற்றை உள்ளிழுத்து வெளிவிட்டுக்கொண்டிருக்கும். இரவின் குளிரில் அதன் சுவரில் ஈரம் படியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தால், உந்துதண்டு நின்ற உயரத்தில் சுவரைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் தெரியும். பொன்வேலை செய்வோர் மெருகேற்றும் செம்பொடியும் இரும்பு ஆக்சைடுதான். அந்தப் பொடியோடு, எண்ணெய் வடிந்துபோன உந்துதண்டு வளையங்களை உருளையில் உரசவிட்டால் என்னாகும்?

ஆகவே துளைவழியே ஊடுருவும் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அன்று, பல நாள். பிறகு மாற்றித்தண்டின் (கிராங்க்ஷாஃப்ட்) நட்டில் திருகியைப் பூட்டிக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பார்கள்; முன்னே விரற்கடை, பின்னே விரற்கடை. கனத்த நெம்புகோலை மாட்டி வலிந்து திருப்பினால் வளையம் முறியும். பொறி முழுச் சுற்றுச் சுற்றிய பின்னரே உயவெண்ணெயை மாற்றி, எண்ணெய் அழுத்தம் தாங்கிகளை எட்டும்வரை ஸ்பார்க் பிளக் இல்லாமலே சுழற்றுவது முறை.

பழைய பெட்ரோலைத் தொட்டியிலேயே விடலாகாது. எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது உயிர்வளியோடு கூடிப் பிசினாகிக் கார்புரேட்டரின் மயிரிழைத் துளைகளை அடைத்துவிடும். அதன் புளித்த வார்னிஷ் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை, புதிதில் 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரமேறியபின் 140 பாகைவரை இறங்கலாம் என்று தர அளவே இடம் தருகிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. இறக்கத்தில் பிரேக் சூடேறி அந்த ஈரம் ஆவியானால், மிதி தரையைத் தொட்டுவிடும். டயரும் ரப்பர்க் குழாய்களும் பார்வைக்கு எத்தனை அழகாயிருந்தாலும் குப்பைக்கே.

துல்சா வண்டியைப் பரிசு வென்றவரின் உறவினர் நியூசெர்சிக்கு அனுப்பினார்கள். அங்கே துருவைக் கரைத்துப் பார்த்தார்கள். பொன்னிறமும் வெண்மையும் ஆங்காங்கே மீண்டன. அடியிலிருந்த எஃகு பல இடங்களில் தாளாய் மெலிந்திருந்தது. ஓட்டும் பேச்சு அதோடு நின்றது. இன்று அது இலினாய் மாநிலத்து ரோஸ்கோ ஊர்க் காட்சியகத்தில் நிற்கிறது.

முதல் அறையைத் திறப்பதற்கு 9 ஆண்டு முன்பே, 1998இல், அதே நகரம் இன்னொரு பிளிமத் வண்டியையும் அடைத்து வைத்தது. புரௌலர் என்னும் வகை. உடலில் பெரும்பகுதி அலுமினியம். இம்முறை அறை தரைக்கு மேலே. பிளிமத் என்ற வணிகப்பெயர் 2001இல் மறைந்துவிட்டது. அறை 2048இல் திறக்கப்பட வேண்டும்.