இலக்கணம் பேசாத இங்கிலீஷ் வகுப்பு

மொழி கற்பித்தலை மேற்படிப்பாகப் படிப்பவர்கள் எடின்பரோவில் இருந்தாலும் ஹாங்காங்கில் இருந்தாலும் ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்ற பெயரை ஒரு முறையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். பெயரில் பெங்களூர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் சென்னையிலும் கடலூரிலும் இருந்த வகுப்புகளும் அதில் சேர்த்திதான். 1979 முதல் 1984 வரை, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடமே நடத்தாமல் ஆங்கிலம் கற்றுத்தர நடந்த முயற்சி அது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த வகுப்புகளைப் பற்றிக் கடலூர்க்காரர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் பீரியட் எப்படி இருந்தது என்பது அப்போது படித்தவர்களுக்கு மறந்திருக்காது. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘திஸ் ஈஸ் எ புக்’ என்பார். வகுப்பே ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒன்று நன்றாக வாயில் ஏறிய பிறகே அடுத்ததைத் தொடும் ‘ஸ்ட்ரக்சுரல்’ முறை. சென்னை மாநிலம் இதை ஏனோதானோவென்று செய்யவில்லை. 1959-ல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு பெரிய பயிற்சி இயக்கமே தொடங்கியது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி. இலக்கு 27,000 ஆசிரியர்கள். உருள உருளப் பெருக்கும் திட்டம் என்பதால் வெளிநாட்டு ஆய்விதழில் இதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர் விழுந்தது. பனியையே பார்க்காத ஊருக்கு இப்படி ஒரு பட்டம்!

இருபது வருடம் கழித்துப் பார்த்தால் பலன் அரைகுறைதான். வகுப்பில் பிழையில்லாமல் ஒப்பித்த வாக்கியம், சொந்தமாக ஏதாவது சொல்ல வேண்டிய இடத்தில் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கவில்லை. ஒரு மாதம் பயிற்சி செய்த அமைப்பு அடுத்த மாதம் மறந்துபோனது.

அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிவந்த என்.எஸ்.பிரபுவும், பெங்களூரில் இருந்த தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் கூடிப் பேசத் தொடங்கியது இந்தக் குறையிலிருந்துதான். அதே எழுபதுகளில் ஐரோப்பாவில் வேறு ஒரு அலை அடித்துக்கொண்டிருந்தது: ஓட்டலில் சாப்பாடு கேட்பது, வழி விசாரிப்பது, மன்னிப்புக் கேட்பது என்று தேவையைப் பட்டியலிட்டு, அதற்கேற்ற மொழியைக் கற்றுக்கொடுப்பது. பிரபுவுக்கு அதுவும் ஒத்துவரவில்லை. அதில் நியாயம் இருந்தது. கடலூரில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை எந்த ஓட்டலில் போய் ஆங்கிலத்தில் தோசை கேட்கப் போகிறது? அந்தப் பிள்ளைக்கு வேண்டியது, பின்னாளில் எந்தத் தேவை வந்தாலும் எழுந்து நிற்கக்கூடிய அடிப்படை மொழித்திறன். அதாவது இலக்கணம்தான். ஆனால் இலக்கணத்தைக் கற்பித்து இலக்கணம் வராது, கவனம் முழுவதும் பொருளில் இருக்கும்போது அது தானாக உள்ளே படியும் என்பது பிரபுவின் கணிப்பு. கேட்பதற்கு முரணாக இருக்கும் இந்தக் கணிப்பைச் சோதிக்கத்தான் 8 வகுப்புகள், 18 ஆசிரியர்கள், எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள்.

அப்படியென்றால் வகுப்பில் என்னதான் நடந்தது? கணக்குப் பாடமா இங்கிலீஷ் பாடமா என்று எட்டிப் பார்ப்பவர் குழம்பும் அளவுக்கு வேலை நடந்தது. ரயில் கால அட்டவணை, பள்ளி நேர அட்டவணை, மாதக் காலண்டர், ஊர் வரைபடம், தபால் கட்டணம், பிறந்த வருடத்தை வைத்து வயதைக் கண்டுபிடிப்பது, தந்திக்கான வாசகத்தைச் சுருக்குவது. (தந்தி சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று எண்ணி எண்ணி எழுதிய தலைமுறைக்கு இந்தப் பயிற்சியின் அருமை புரியும்.)

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில்களின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பெங்களூரில் பகல் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம். ஸ்டேஷனிலிருந்து அங்கே போக முக்கால் மணி நேரம் ஆகும். எந்த ரயிலைப் பிடித்தால் சரிப்படும்? பாதி வழியில் காட்பாடியில் ஏறுபவராக இருந்தால்? முதலில் ஆசிரியர் இதேபோன்ற ஒரு கணக்கை வகுப்போடு சேர்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டு, உரக்கப் போட்டுக் காட்டுவார். பிறகு அதே ஜாதியில் இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகப் போட வேண்டும். அன்றைய பாடம் அவ்வளவுதான். இறந்தகாலம், நிகழ்காலம் என்ற பேச்சே எழாது.

பிள்ளை ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் போதும். தமிழிலோ கன்னடத்திலோ சொல்லிவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஆசிரியர் அதையே ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிவிட்டு மேலே போவார். தப்பான வாக்கியத்தையும் அப்படித்தான், பேச்சோடு பேச்சாகத் திருத்துவார். பாடத்தை நிறுத்திவிட்டு விதி விளக்கும் வழக்கம் கிடையாது. பாடம் கடினமா எளிதா என்பதற்கும் பிரபு ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார்: வகுப்பில் பாதிப் பேராவது கொடுத்த வேலையில் பாதியையாவது சரியாக முடிக்க வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் வேலை சப்பென்று ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இன்றைய பயிற்சிப் பட்டறைகளில் குழு குழுவாக உட்கார்ந்து பேசவைப்பதைக் கட்டாயம் போலச் சொல்கிறார்கள். பிரபு அதை வேண்டுமென்றே தவிர்த்தார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசிப் பழகினால் அந்த அரைகுறையே நிலைத்துவிடும், நல்ல ஆங்கிலம் காதில் விழுவது ஆசிரியரிடமிருந்துதான் என்பது அவர் வாதம். நாற்பது, ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் வகுப்புக்கு இது பொருத்தமும்கூட. பின்னால் வந்தவர்கள் பலர் இந்த இடத்தில் அவரோடு உடன்படவில்லை.

திட்டம் முடியும் தறுவாயில், 1984-ல், எடின்பரோவின் ஆலன் டேவிஸும் ஆலன் பெரெட்டாவும் வந்து பிள்ளைகளைச் சோதித்தார்கள். பழைய முறையில் படித்தவர்களையும் பக்கத்தில் நிறுத்தி, இரு தரப்புக்கும் பொதுவான தேர்வுகளோடு ஒவ்வொரு தரப்புக்கும் பழக்கமான தேர்வும் வைத்தார்கள். வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறைக்காரர்கள் கை ஓங்கியது. வேலை செய்து முடிக்கும் தேர்வில் புதிய முறைக்காரர்கள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பொதுவான தேர்வுகளில் புதிய முறைப் பிள்ளைகள் பொதுவாக மேலே நின்றார்கள் என்பதுதான் சேதி. பொருளில் கவனம் வைத்தே இலக்கணம் கைவரலாம் என்ற கணிப்புக்கு ஓரளவு ஆதரவு இருக்கிறது என்று அவர்கள் அடக்கியே எழுதினார்கள். அப்படி அடக்கி எழுதக் காரணமும் உண்டு. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை அல்ல இது. ஏற்கெனவே இருந்த வகுப்புகளை அப்படியே ஒப்பிட்டார்கள். அதிலும் புதிய முறை வகுப்புகளை நடத்தியவர்களில் பலர் தேர்ந்த பயிற்சியும் தகுதியும் உள்ளவர்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் விவகாரமே. திட்டம் முடிந்தபின் பெரெட்டா அதில் பங்கெடுத்த ஆசிரியர்கள் இதை எவ்வளவு தூரம் உள்வாங்கினார்கள் என்று தனியே ஆராய்ந்து 1990-ல் எழுதினார். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர்களும் நிபுணர்களும் சமாளித்துவிட்டார்கள். அதே பள்ளியில் அன்றாடம் பாடம் நடத்தும் ஆசிரியர்கள்தான் திணறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘திஸ் ஈஸ் எ புக்’ வகுப்பில் ஆசிரியர் என்ன பேசுவார், பிள்ளை என்ன சொல்லும் என்பது முன்கூட்டியே தெரியும். ரயில் அட்டவணை வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து என்ன கேள்வி பாயும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அந்த நிமிடமே ஆங்கிலத்தில் பதில் சொல்லியாக வேண்டும். தன் ஆங்கிலத்தின் மீது தனக்கே நம்பிக்கை இல்லாத ஆசிரியருக்கு அது தினமும் மேடையேறுவதற்குச் சமம்.

பிரபு 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக இந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1990-ல், சிறந்த முறை என்று ஒன்று இல்லை, ஏன் என்று கேட்டு அவர் எழுதிய கட்டுரை இன்றும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படுகிறது. தான் செய்வது ஏன் பலிக்கும் என்று ஆசிரியருக்குள் ஒரு பிடிப்பு உயிரோடு இருக்க வேண்டும், அது செத்துவிட்டால் எந்த முறையும் சடங்காகிவிடும் என்பது அதன் சாரம். புதிய முறைக்குக் கொடிபிடித்த மனிதரே இப்படி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குள் விதை வெளிநாடுகளில் முளைத்துவிட்டது. ‘டாஸ்க்’ வழியாக மொழி கற்பிப்பது ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. ஹாங்காங் தொண்ணூறுகளின் கடைசியில் தன் பள்ளிப் பாடத்திட்டத்தில் அதைச் சேர்த்தது. சீனா 2001-ல் வகுத்த ஆங்கிலப் பாடத் தரங்களில் பரிந்துரைத்தது. அங்கேயும் பெரிய வகுப்பு, தேர்வு நெருக்கடி, ஆசிரியரின் தயக்கம் என்று கடலூரில் கண்ட அதே முட்டுக்கட்டைகள் எழுந்தன. இந்தியாவில் 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக ஆர்.அமிர்தவல்லி தலைமையிலான குழு தயாரித்த ஆங்கிலம் பற்றிய அறிக்கை, பிள்ளைக்குப் பொருளுள்ள மொழி நிறையக் கிடைக்க வேண்டும் என்பதை மையமாக வைத்தது. காகிதத்தில் பார்த்தால் பிரபு ஜெயித்துவிட்டார்.

தேர்வுத்தாளில்தான் தோற்றார் என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் முழுக்க எழுத்துத் தேர்வு. பேச்சுக்கும் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் தனியாக மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு மார்ச் மாதத்தை நோக்கி ஓடும் பள்ளி நேரம் ஒதுக்காது. ஆசிரியர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் அதைக் கேட்பதில்லை. சுவாரஸ்யம் என்னவென்றால், அதே வினாத்தாளில் சின்னதாக ஒரு ஊர் வரைபடம் அச்சாகி வருகிறது. வழி கேட்கும் புதியவருக்கு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போக வழி சொல்ல வேண்டும், 2 மதிப்பெண். பிரபுவின் பட்டியலிலும் இடம்பெற்ற அதே வகை வேலை. ஆனால் படத்தைப் பார்த்து யோசிக்கும் முன்பே ‘கோ ஸ்ட்ரெயிட்’, ‘டேர்ன் லெஃப்ட்’, ‘யூ வில் ஃபைண்ட் இட் ஆன் யுவர் ரைட்’ என்ற மூன்று வாக்கியங்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்கின்றன கைடுகள்.