இருபத்தெட்டு நாள் மாதம்

திருமலையில் ஏழுமலையானைத் தரிசிக்கப் போகிறவர்கள் செல்போனை கவுன்டரில் ஒப்படைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் நுழைய முடியும். ஆனால் செல்போன் இல்லாமல் இணையத்தில் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் எடுப்பது நடக்காத காரியம். தேவஸ்தானத்தின் இணையதளத்துக்குள் போகவே செல்லுக்கு வரும் ஓ.டி.பி. எண் வேண்டும். வங்கிக் கணக்கு, ஆதார், காஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மலையடிவாரத்தில் பூ விற்கிறவருக்கும் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிறவருக்கும் செல் நம்பரை உயிரோடு வைத்திருப்பது வீட்டு வாடகை மாதிரி கட்டாயச் செலவாகிவிட்டது.

அந்தச் செலவுதான் சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. ஆந்திரா உள்ளிட்ட சில தொலைத்தொடர்பு வட்டங்களில் 2023 ஜனவரியில் 99 ரூபாய் திட்டத்தை விலக்கிக்கொண்ட ஏர்டெல், 155 ரூபாயைக் குறைந்தபட்ச ரீசார்ஜ் ஆக்கியது. அதற்குக் கிடைத்தது 24 நாள். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தைக் கூட்டின. ஜியோவின் தினசரி ஒன்றரை ஜி.பி. திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 28 நாளுக்கு மொத்தமே 2 ஜி.பி. தரும் திட்டம் 155-லிருந்து 189 ஆனது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 299 ரூபாய்க்காரருக்குக் கிடைப்பது 42 ஜி.பி. ஒரு ஜி.பி.க்கு ஏறக்குறைய 7 ரூபாய். 189 ரூபாய்க்காரருக்கோ ஒரு ஜி.பி. 94 ரூபாய்க்கு மேல். இரண்டிலும் பேச்சுக்கு வரம்பில்லை என்பதால் முழுப் பணமும் டேட்டாவுக்கான விலை அல்ல. ஆனாலும் மொத்தமாக வாங்குகிறவருக்கு மலிவு, சில்லறையாக வாங்குகிறவருக்குக் கூடுதல் என்ற மளிகைக் கடைக் கணக்கு இங்கேயும் நடக்கிறது. 299 ரூபாய் கொடுத்தவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றரை ஜி.பி. அன்றைக்கு மட்டும்தான். செலவழிக்காமல் மிச்சம் வைத்தால் நள்ளிரவோடு போச்சு. தீர்ந்துபோனால் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸாகச் சுருங்கும், வீடியோ நகராது. மிச்சத்தை வார இறுதிக்குத் தள்ளிக் கொடுக்கும் சலுகையை வோடபோன் ஐடியா சில திட்டங்களில் மட்டும் வைத்தது. 2022 டிசம்பரிலேயே திருமலைக்கு ஜியோவின் 5ஜி வந்துவிட்டது. ஆனால் 2024 ஜூலைக்குப் பிறகு 'எல்லையற்ற 5ஜி' தினசரி 2 ஜி.பி.க்குக் குறையாத திட்டக்காரர்களுக்குத்தான்.

மாதத்துக்கு 28 நாள் என்பது இன்னொரு சாமர்த்தியம். நாள்காட்டியில் 12 மாதம். ரீசார்ஜ் கடையில் 13. 299 ரூபாய் திட்டத்தில் வருடச் செலவு 3,588 அல்ல, 3,887. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. தந்தார்கள். விளம்பரத்தில் முன்னால் நின்றது என்னவோ 28 தான்.

பழைய காலம் பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. 1995 ஜூலை 31-ல் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பைச் செய்தபோது, போன் செய்தாலும் காசு, வந்தாலும் காசு. வருகிற அழைப்பு இலவசமானது 2003-ல்தான். சித்தூர்க்காரர்களுக்கோ கூடுதல் தொல்லை: ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூர், செல்போன் கணக்கில் வேறு வட்டம். மருத்துவமனைக்குப் போனாலும் சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் ரோமிங். உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை ஏர்டெல் கைவிட்டது 2017-ல். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனதிலிருந்து எல்லையின் இருபுறமும் உறவு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜியோ வரவால் விளைந்த பெரிய லாபம் இதுதான்.

வெளிநாட்டோடு ஒப்பிட்டு நிறுவனங்கள் சொல்லும் சமாதானம் பாதி உண்மை. 2019 ஜூனில் கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் மாதம் 75 டாலருக்கு 10 ஜி.பி. தந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,900 ரூபாய், அதாவது இங்கே 299 ரூபாய் திட்டத்தின் ஒரு வருடச் செலவு. போட்டி கூடியதும் அங்கே விலை சரிந்தது. ஆனால் டொராண்டோவில் இருக்கும் மகனுக்கு அந்த டேட்டா மாதக் கணக்கு. திங்கட்கிழமை மிச்சத்தை வெள்ளிக்கிழமை பயன்படுத்தலாம். சித்தூரில் இருக்கும் தாயாருக்கு அந்த வசதி இல்லை. டாலர் சம்பளத்தையும் பூக்கடை வருமானத்தையும் ஒரே தராசில் வைப்பதும் சரியில்லை.

டேட்டாவே வேண்டாம், பேசினால் போதும் என்கிறவர்களுக்காக டிராய் 2024 டிசம்பரில் குறுக்கிட்டது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டங்கள் கட்டாயம் வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஜியோ 458 ரூபாய், ஏர்டெல் 499 ரூபாய் என்று அறிவித்தன. ஆராயப்போவதாக டிராய் சொன்ன சில நாளில் விலை 448, 469 ஆக இறங்கியது. இரண்டுக்கும் 84 நாள். 189 ரூபாயை மூன்று முறை போடுவதைவிட ஜியோவில் 119 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்துக்கு, அன்றாட வசூலில் வாழும் பூக்காரர் 448 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். வாடிக்கையாளர் செல்போனில் அனுப்பிய பணம் கணக்கில் ஏறியதா என்று ஆப்பில் பார்க்க, டேட்டாவுக்குத் தனியாகக் காசு போட வேண்டும்.