ஓர் எழுத்து வித்தியாசம்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தொடங்கிய ரீஜனல் கேன்சர் சென்டரை நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்தில் 'ஆர்.சி.சி.' என்பார்கள். விடியற்காலை பஸ்ஸில் ஃபைலை மடியில் வைத்தபடி களியக்காவிளை தாண்டி வருகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே மலையாளப் பத்திரிகையைப் புரட்டினால் புற்றுநோய்க்கு 'அர்புதம்' என்று இருக்கும். நம் 'அற்புத'த்துக்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சுசுருத சம்ஹிதையிலேயே கட்டிக்கு அந்தப் பெயர் உண்டு. வடமொழியின் பழைய எண்வரிசை ஒன்றில் பத்துக் கோடிக்கும் அதே பெயர். திராட்சை அளவுள்ள ஒரு கட்டியில் இருக்கும் செல்களைப் பத்துக் கோடிக் கணக்கில்தான் எண்ண வேண்டும் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

"பெருங்குடலில் கேன்சர்" என்று டாக்டர் சொல்லும்போது, நோய் அந்த நிமிஷத்தில்தான் பிறந்த மாதிரி இருக்கும். போன வாரம்வரை நன்றாகத்தானே இருந்தேன் என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அதன் வயது பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல். மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தபோதும் அது உள்ளே இருந்திருக்கலாம்.

ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உட்சுவர் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் தாய்ச்செல்கள் இருக்கின்றன. அவை ஈனும் செல்கள் படிப்படியாக மேலேறி, நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். வாராவாரம் நமக்குக் குடலின் உட்தோல் புதிது! இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் ஏபிசி என்ற மரபணு. ஏதோ ஒரு செல்லில் அது பழுதானால் உதிர வேண்டியவை உதிராமல் குவியும். அந்தக் குவியல்தான் பாலிப். பெரும்பாலான பாலிப்கள் அப்படியே கிடந்துவிடும். சிலவற்றில் கேராஸ், பி53 என்று அடுத்தடுத்த மரபணுக்களும் கெட்டு, சுவரைத் துளைத்து இறங்கும். இந்தப் படிவரிசையை ஃபியரானும் வோகல்ஸ்டைனும் 1990இல் எழுதிக் காட்டினார்கள். அந்தப் பத்து வருஷத்தில், அது சுவரைத் துளைக்கும் முன்பே, கொலனோஸ்கோப்பி வழியே ஒரு கம்பிச் சுருக்குப் போட்டு பாலிப்பைப் பெரும்பாலும் எடுத்துவிட முடியும். மலத்தில் ரத்தம் பட்டால் 'மூலம்தான்' என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோமே, அதுதான் என்னை வருத்துகிறது.

டாக்டர் சொல்லும் அந்த ஒற்றை வார்த்தை உருவாகும் விதமும் அதிசயம்தான். குடலிலிருந்து கிள்ளிய அரிசிமணி அளவுச் சதையை ஃபார்மலினில் ஊறப்போட்டு, மெழுகுக் கட்டிக்குள் பதித்து, நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார்கள். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சீவல் தண்ணீரில் மிதக்கும்; கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவார்கள். ஹெமடாக்சிலின் என்ற அந்தச் சாயம் மத்திய அமெரிக்காவின் ஒரு மரத்து வைரத்திலிருந்து வருவது. அது செல்லின் உட்கருவை ஊதா நீலமாக்கும். இயோசின் என்ற இன்னொரு சாயம் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். நல்ல குடலில் குழிகள் வட்டவட்டமாக, பூக்கோலம் போட்டதுபோல வரிசையாக நிற்கும். புற்றில் அந்த வரிசை குலைந்து, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உட்கருக்கள் பருத்துக் கறுத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நோய்க்கூறு மருத்துவர் அறிக்கையில் அந்தச் சொல்லை எழுதுகிறார்.

சொல் காதில் விழுந்த பிறகு சொல்லப்படுவதில் பாதி மனதில் நிற்பதில்லை. பரவாத நிலையில் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டு கடந்தும் வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. டாக்டர் அதைச் சொல்லியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால்தான் கூட ஓர் ஆள் வேண்டும். வராந்தாவில் மகள், "எப்பா, எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்று நோட்டைக் காட்டுவாள்.

அந்த மெழுகுக் கட்டியை எறிந்துவிடுவதில்லை. எண் எழுதி அடுக்கிவைக்கிறார்கள். எந்த மருந்து நோயாளிக்குப் பலிக்கும் என்று கேராஸைச் சோதிக்க வேண்டி வந்தால், அதே அரிசிமணியிலிருந்து இன்னொரு சீவல் எடுப்பார்கள்.