சரக்கு சுத்தம், படம் மட்டும் மங்கலா?

வெளியூர் வியாபாரிக்குச் சாம்பிள் காட்ட வேண்டுமானால், முன்பெல்லாம் கால் கிலோவைப் பொட்டலம் கட்டி லாரி ஆபீஸில் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். அது போய்ச் சேர்ந்து, அவர் கையில் அள்ளிப் பார்த்து, விலை முடிய இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடும். இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. தட்டில் சரக்கை வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உடனே விலைப் பேச்சு தொடங்கிவிடுகிறது.

ஆனால் இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரி ஒருவர் 8 மில்லி மீட்டர் காய்களைத் தட்டில் குவித்து, மிக அருகில் கைப்பேசியைப் பிடித்துப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருக்கும் காய்களின் வரிகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. பின்னால் இருப்பவையோ பச்சைப் புகை போல மங்கிக் கிடக்கின்றன. வாங்குபவர் மனதில் என்ன தோன்றும்? "நல்ல காயை முன்னால் வைத்து, வெடித்த காயைப் பின்னால் மறைக்கிறாரோ?" என்றுதானே! மூட்டையின் வாயில் நல்ல சரக்கு, அடியில் மட்டச் சரக்கு என்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நேர்மையான வியாபாரி மீது வீண் சந்தேகம் விழ இப்படி ஒரு படம் போதும்.

மங்கல் ஏன் வருகிறது?

விலை உயர்ந்த கைப்பேசியில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்றால் வியப்பாக இருக்கும். கேமரா லென்சுக்குப் பின்னால், ஒளியை வாங்கிப் படமாக்கும் 'சென்சார்' என்ற சிறு தகடு உள்ளது. வெளிச்சம் குறைந்த இடத்திலும் நல்ல படம் வர வேண்டும் என்பதற்காகக் கம்பெனிகள் இந்தத் தகட்டைப் பெரிதாக்கிக்கொண்டே வந்துள்ளன. ஒளி நுழையும் துவாரத்தையும் அகலமாக்கினார்கள். இதனால் இரவுப் படம் நன்றாக வந்தது. ஆனால் அருகில் எடுக்கும் படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிட்டது. பெரிய சென்சார் உள்ள கைப்பேசியில் ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்தால், ஏறக்குறைய ஓர் அங்குல ஆழம்தான் தெளிவாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் மங்கல்தான்.

ஸ்டுடியோக்காரர் தம் கேமராவின் துவாரத்தைச் சுருக்கி இதைச் சரிசெய்துகொள்வார். பெரும்பாலான கைப்பேசிகளில் அந்த வசதி இல்லை. 2018-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்9 போன்ற சில மாடல்களில் மட்டுமே துவாரத்தை மாற்ற முடியும். ஆகவே நாம் எடுக்கும் முறையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பின்னால் தள்ளி நில்லுங்கள். ஒரு சாண் தூரத்தை இரண்டு சாணாக்கினால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சரக்கு சிறிதாகத் தெரிகிறதே என்றால், படத்தை எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிப் பெரிதாக்குங்கள். அப்படிப் பெரிதாக்கும்போது லாபத்தில் பாதி போனாலும், இரண்டு மடங்கு நமக்கு மிஞ்சும். திரையில் 2 மடங்கு ஜூம் வைத்து எடுத்தாலும் சரியே.

2. குவிக்காதீர்கள், பரப்புங்கள். பருப்பு, மிளகு, ஏலக்காய் எதுவானாலும் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, கைப்பேசியைத் தட்டுக்கு நேர் மேலே, சாயாமல் பிடித்து எடுங்கள். எல்லா மணியும் ஒரே தூரத்தில் இருப்பதால் எல்லாமே தெளிவாக விழும். செலவில்லாத இந்த முறைதான் எல்லாவற்றிலும் சிறந்தது.

3. 'மேக்ரோ' வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். 2021-இல் வந்த ஐபோன் 13 புரோ, அகலப் பார்வை லென்சுக்குத் தானே மாறி 2 சென்டி மீட்டர் அருகில்கூடப் படம் எடுக்கும். சாம்சங்கின் உயர்ந்த மாடல்கள் சிலவற்றில் 'ஃபோகஸ் என்ஹான்சர்' என்ற பெயரில் இதே வசதி உண்டு. இதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். கடை வாசல் வெளிச்சத்தில், நம் நிழல் தட்டில் விழாமல் எடுக்க வேண்டும்.

4. 'போர்ட்ரெய்ட்' முறையை நிறுத்திவையுங்கள். ஆள் படத்துக்கு அழகு சேர்க்கப் பின்புறத்தைக் கைப்பேசியே மங்கலாக்கும் முறை அது. சரக்குப் படத்துக்கு ஆகாது.

5. லென்சைத் துடையுங்கள். படம் முழுவதுமே மங்கலாக இருந்தால் அது ஆழத்தின் குறை அல்ல. எண்ணெய்க் கையின் குறை! சுத்தமான மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

6. அனுப்பும்போதும் கவனம் தேவை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். 2023-இல் வந்த 'எச்.டி.' வசதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் தெளிவு அதிகம் குறையாது.

லேபிள் படத்திலும் இதே கதைதான்

காலாவதியான, சேதமான சரக்கைத் திருப்பி அனுப்பும்போது, பேட்ச் எண்ணும் தேதியும் தெரியும்படி படம் கேட்கிறார்கள். பொட்டலத்தைச் சாய்த்து வைத்து எடுத்தால், விலை தெளிவாகவும் தேதி மங்கலாகவும் விழும். பிறகு, பணம் வர வேண்டிய இடத்தில் வாதம்தான் வரும். பாட்டிலின் லேபிள் வளைந்திருப்பதால், ஒரே படத்தில் அடக்காமல் சற்றுத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று படங்களாக எடுப்பது நல்லது. அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தையும் நாமே ஒரு முறை படித்துப் பார்த்துவிட வேண்டும்.

தராசுத் தட்டை வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது நம் பெரியவர்கள் கற்றுத் தந்த பழக்கம். கைப்பேசிப் படமும் இன்று ஒரு தராசுத் தட்டுதான். அதில் முன்வரிசை மட்டுமல்ல, கடைசி மணி வரை தெரியட்டும். மறைக்க ஒன்றுமில்லாத வியாபாரிக்கு மங்கல் படம் எதற்கு?