ஏர் ஓட்டுகிறவர் வாய்க்கு வந்த சங்கீதம்

நெடுங்காட்டுக்கு நான் போன சமயம், நடவு முடிந்திருந்தது. சாலையின் இரு பக்கமும் பச்சைப் பாய் விரித்ததுபோல் பயிர் நின்றது. காரைக்கால் போகும் பஸ்ஸுக்காக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். தோளில் துண்டு, காலில் இன்னும் காயாத சேறு. வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது என்ன பாட்டு?" என்று கேட்டேன்.

"நந்தனார் பாட்டு, தம்பி. எங்க அப்பா ஏர் ஓட்டும்போது பாடுவாரு."

"இதைக் கட்டினவர் யார் என்று தெரியுமா?"

அவர் சிரித்தார். "அது யாருக்குத் தெரியும்? எல்லாரும் பாடுவாங்க, நானும் பாடுறேன்."

அந்தப் பதில் என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டைக் கட்டியவர் ஊர் பேர் தெரியாதவர் அல்ல. பெரிய சங்கீத வித்வான். கர்நாடக சங்கீதத்தோடு வடநாட்டு இந்துஸ்தானி சங்கீதத்தையும் குருமுகமாகக் கற்றவர். கற்றவர் மட்டுமே தலையசைக்கும் பாட்டுகளை அவரால் கட்ட முடியும், கட்டியும் இருக்கிறார். அப்படிப்பட்டவர், சிந்தும் நொண்டிச் சிந்தும் எடுத்துக்கொண்டு ஜனங்களிடம் வந்தார். அவர்தான் கோபாலகிருஷ்ண பாரதியார்.

தேசிய கவி சுப்பிரமணிய பாரதியார் வேறு, இவர் வேறு. இவர் அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர்.

வீணைக் குடும்பத்துப் பிள்ளை

காரைக்காலுக்குத் தெற்கே, திருமருகல் பக்கத்தில் நரிமணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று எண்ணெய்க் கிணறு என்றால் அந்த ஊர்ப் பெயர் எல்லாருக்கும் தெரியும். 1810-ம் ஆண்டு வாக்கில் கோபாலகிருஷ்ண பாரதியார் பிறந்தது அந்த ஊரில்தான். வீணை வாசிக்கும் பரம்பரை. ஆனால் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்துவிட்டார். முடிகொண்டானில் சில காலம் வாழ்ந்தார். பிறகு மாயூரத்துக்குப் பக்கத்திலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் அவருக்கு ஆதரவு கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து என்று சொல்ல எதுவும் இல்லை. பாட்டு ஒன்றுதான் சொத்து.

அந்தக் காலத்தில் திருவிடைமருதூரில் மராட்டிய அரச குடும்பத்தார் இருந்தார்கள். சங்கீதக்காரர்களை ஆதரித்தார்கள். அங்கே ராமதாஸ் என்ற இந்துஸ்தானி வித்வானிடம் பாரதியார் பாடம் கேட்டார். தஞ்சைச் சீமையில் பிறந்த ஒருவர் வடநாட்டுச் சங்கீதத்தை ஆழ்ந்து படிப்பது அன்று சாதாரண விஷயம் அல்ல.

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளை அவர் சந்தித்த கதை சங்கீத உலகில் பிரசித்தம். சுவாமிகளின் சீடர்கள் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்களாம். "இந்த ராகத்தில் நீர் ஏதாவது செய்திருக்கிறீரா?" என்று சுவாமிகள் கேட்டாராம். பாரதியார் அதிகம் பேசவில்லை. மறுநாள் அதே ராகத்தில், தில்லைச் சபாபதியின் மேல் தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பாடிக் காட்டினாராம். அந்தக் கீர்த்தனையை இன்றும் வித்வான்கள் கச்சேரியில் பாடுகிறார்கள்.

இந்தப் புலமையோடு அவர் அரண்மனை வாசலில் நின்றிருந்தால் பொன்னாடையும் மரியாதையும் வந்திருக்கும். அவர் போன வழி வேறு.

எடுத்துக்கொண்ட கதை

நந்தனார் கதை பழைய கதை. பெரிய புராணத்தில் சேக்கிழார் முப்பத்தேழு பாட்டுகளில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறார். ஆதனூரில் பிறந்த நந்தன் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட குலத்தவன். கோயில் பேரிகைக்குத் தோல் கொடுப்பான். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பான். அந்த வாத்தியங்கள் சந்நிதிக்குள் போகும். கொடுத்தவன் உள்ளே போக முடியாது! "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சிதம்பரத்தை நினைத்து ஏங்கியதால் அவனுக்குத் 'திருநாளைப்போவார்' என்று பெயர் வந்தது.

இந்தச் சிறு கதையைப் பாரதியார் பல இரவுகள் பாடும் பெருங்கதையாக வளர்த்தார். சேக்கிழார் சொல்லாத ஒருவரைக் கொண்டு வந்தார். அவர்தான் நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியர். நந்தன் அவரிடம் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். ஆண்டை சீறுகிறார். கடைசியில் ஒரு நிபந்தனை போடுகிறார்: "நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்துவிட்டுப் போ!"

ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். நாற்பது வேலி என்றால் சுமார் இருநூற்று அறுபத்தைந்து ஏக்கர்! ஒரு மனிதன் என்ன செய்வான்? ஆனால் ஒரே இரவில் சிவகணங்கள் வந்து வேலையை முடித்துவிடுகின்றன. விடிந்ததும் பயிரைப் பார்த்த வேதியர், நந்தன் காலில் விழுகிறார்.

நெடுங்காடோ, திருநள்ளாறோ, நிரவியோ, இந்தப் பக்கத்து உழவனுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஆண்டையிடம் கைகட்டி நின்று ஒரு நாள் விடுமுறை கேட்பது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். பாரதியார் புராணத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்பது உண்மை. ஆனால் அவர் சேர்த்தது இந்த வயல்களில் நடந்துகொண்டிருந்தது.

மெட்டு எங்கிருந்து வந்தது?

கதையைப் போலவே பாட்டிலும் அவர் ஜனங்களிடம் போனார்.

கச்சேரிக் கீர்த்தனை என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இருக்கும். ராகத்தின் நெளிவு சுளிவுகளைக் காட்டிப் பாடவேண்டும். கேட்டுப் பழகிய காதுக்குத்தான் முழு ருசியும் தெரியும். சிந்து அப்படி அல்ல. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். வார்த்தை மட்டும் மாறும். இரண்டு தரம் கேட்டவன் மூன்றாம் தரம் கூடவே பாடிவிடுவான். நொண்டிச் சிந்து, கால் இழந்த திருடன் தன் கதையைச் சொல்லும் நொண்டி நாடகத்தில் வளர்ந்தது. ஆனந்தக் களிப்பு, சித்தர் பாட்டிலும் பிச்சைக்காரர் வாயிலும் புழங்கியது.

இந்த மெட்டுகளைப் பாரதியார் கூசாமல் எடுத்துக்கொண்டார். அதற்காகப் படித்த சங்கீதத்தைத் தூக்கி எறிந்துவிட்டாரா? அதுவும் இல்லை. கதை ஓடவேண்டிய இடத்தில் சிந்து. மனம் உருகவேண்டிய இடத்தில் ராகத்தோடு கீர்த்தனை. உள்ளே வரலாமா, கூடாதா என்று நந்தன் தயங்கி நிற்கும் கட்டத்துக்கு 'வருகலாமோ' என்று ஒரு கீர்த்தனை உண்டு. மாஞ்சி ராகத்தில் அதை இன்றும் பெரிய வித்வான்கள் பாடுகிறார்கள். ஆனால் அதிலுள்ள சொல், வாசலில் நிற்கும் எந்த ஏழையும் சொல்லும் சொல். பண்டிதருக்கு ராகம், பாமரருக்குச் சொல். ஒரே பாட்டில் இருவருக்கும் இடம்!

காரைக்கால் துரை கேட்டார்

பாரதியார் நாகப்பட்டினத்தில் நந்தன் கதையைப் பாடியபோது கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு புதுமையான ரசிகர் வந்து சேர்ந்தார். காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சீசே என்னும் துரை அவர்.

காரைக்கால் 1739-ம் ஆண்டிலிருந்து பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதிதான் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அன்று நாகப்பட்டினம் ஆங்கிலேயர் சீமை, காரைக்கால் பிரெஞ்சுச் சீமை. ராஜ்யம் வேறானாலும் பாட்டுக்கு எல்லை ஏது? இந்தப் பாட்டுகள் அச்சில் வரவேண்டும் என்று சீசே துரை விரும்பினார். அதற்கு உதவவும் முன்வந்தார்.

இங்கேதான் சிக்கல் வந்தது.

பண்டிதர் போட்ட தடை

அந்தக் காலத்தில் ஒரு நூல் அச்சேறினால், பெரிய புலவர் ஒருவரிடம் சிறப்புப் பாயிரம் வாங்கிச் சேர்ப்பது வழக்கம். 'இது நல்ல நூல்' என்று அவர் செய்யுளில் சாட்சி சொல்வார். அந்தச் சாட்சியைக் கேட்டு, பாரதியார் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார்.

பிள்ளையவர்கள் தமிழ்க் கடல். ஆனால் அவருக்கு நந்தன் சரித்திரம் பிடிக்கவில்லை. இலக்கணப் பிழை இருக்கிறது, பேச்சு வழக்குச் சொல் இருக்கிறது, பெரிய புராணக் கதையை மாற்றியிருக்கிறார் என்பன அவருடைய குறைகள். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லவும் அவருக்கு மனமில்லை. பிறகு பார்க்கலாம் என்று நாள் கடத்தினார். பாரதியார் சளைக்காமல் நடந்தார்.

ஒரு நாள் பாரதியார் போனபோது பிள்ளையவர்கள் உள்ளே படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்தார். காத்திருக்கும் நேரத்தில், தமக்குத் தாமே, நந்தன் சரித்திரத்திலிருந்து ஒரு பாட்டைப் பாட ஆரம்பித்தார். கேட்கவேண்டும் என்று பாடவில்லை. மனம் கசிந்து பாடினார். உள்ளே இருந்த பிள்ளையவர்கள் காதில் அது விழுந்தது. ஏட்டில் படித்தபோது பிழையாகத் தெரிந்தவை, பாட்டாகக் கேட்டபோது எங்கோ போய்விட்டன. புலவர் உருகிப்போனார். பாயிரம் எழுதிக் கொடுத்தார்!

1860-களின் தொடக்கத்தில் நந்தன் சரித்திரக் கீர்த்தனை அச்சில் வந்தது.

பிள்ளையவர்களின் மாணவரான உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்ததால்தான் இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது. அவரும் இளமையில் கொஞ்ச காலம் பாரதியாரிடம் சங்கீதம் கற்றவர். பாட்டில் மனம் போனால் தமிழ்ப் படிப்பு குறையும் என்று ஆசிரியர் விரும்பாததால் விட்டுவிட்டார்.

பிள்ளையவர்கள் கண்ட பிழைகள் பொய் அல்ல. ஆனால் இலக்கணத்துக்காகப் பாரதியார் சொற்களை மாற்றியிருந்தால், டீக்கடைப் பெரியவர் வாயில் அந்தப் பாட்டு இருந்திருக்குமா? 'எளிமை' என்று நாம் சொல்வது பலருக்குக் குறைவாகத் தோன்றுகிறது. எல்லாம் தெரிந்தவன், எதை விடவேண்டும் என்று தெரிந்து விடுவதுதான் எளிமை. அது தெரியாதவனுக்கு வராது.

தூர தேசத்திலும் இதே வழக்கு

நம் ஊரில் மட்டும் எழுந்த வழக்கு அல்ல இது. ஜெர்மனியில் கூர்ட் வைல் என்ற இசைக்காரர் இருந்தார். புதுமையான, கடினமான சங்கீதம் செய்தவர். புசோனி என்ற பெரிய ஆசிரியரின் மாணவர். அவர் 1928-ம் ஆண்டு பெர்லினில், பிரெக்ட் என்ற கவிஞருடன் சேர்ந்து, திருடர்களும் பிச்சைக்காரர்களும் வரும் ஒரு நாடகத்துக்கு இசை அமைத்தார். தெருவில் பாடக்கூடிய மெட்டுகளாகப் போட்டார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டுப் போனார். பின்னர் அமெரிக்காவில் ஜனங்கள் ரசிக்கும் நாடகங்களுக்குப் பாட்டமைத்தார். "கீழே இறங்கிவிட்டார்" என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவருடைய மெட்டுகள் இன்றும் உலகமெங்கும் பாடப்படுகின்றன.

பாட்டு போன தூரம்

பாரதியார் நந்தனாரோடு நிற்கவில்லை. திருநீலகண்டர் கதையையும் இயற்பகையார் கதையையும் பாட்டாக்கினார். நம் காரைக்கால் அம்மையார் கதையையும் பாடியிருக்கிறார். ஆனால் நந்தன் போன தூரம் மற்றவை போகவில்லை. கதாகாலட்சேப மேடைகளில் அது இரவு இரவாக முழங்கியது. சுப்பிரமணிய பாரதியார் தம் தேசியப் பாட்டுகளில் நந்தன் சரித்திர மெட்டைக் கையாண்டார். பேசும் படம் வந்ததும் நந்தன் திரைக்கு வந்தான். 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். 1942-ல் ஜெமினி படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகப் பாடினார். அவர் பிறந்த திருச்செங்காட்டங்குடியும் திருமருகல் பக்கத்து ஊர்தான்.

நந்தன் ஏன் தீயில் மூழ்கித்தான் கோயிலுக்குள் போகவேண்டும் என்று இன்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்ற நாடகத்தில் அதையே கேட்டார். பாரதியார் கதையின் முடிவை மாற்றவில்லை. ஆனால் ஆண்டையைப் பண்ணையாளின் காலில் விழவைத்தார். அந்தக் காட்சியை, நில உரிமையாளர்களின் ஆதரவில் வாழ்ந்த ஒருவர், அவர்கள் கேட்கப் பாடினார் என்பதையும் மறக்கக்கூடாது. அது வேறு பாஷையில், வேறு மெட்டில் இருந்தால் ஒரு சிலர் மட்டும் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எல்லாரும் பாடும் மெட்டில் இருந்ததால், ஆண்டையும் கேட்டார், ஆளும் கேட்டான்.

பஸ் வந்தது. நான் எழுந்தேன். "அந்தப் பாட்டைக் கட்டினவர் பெயர் கோபாலகிருஷ்ண பாரதியார், ஐயா. நரிமணத்துக்காரர்" என்றேன்.

"நம்ம நரிமணமா!" என்று அவர் கண்ணை அகலத் திறந்தார். "அப்ப நம்ம பக்கத்து ஆளுதான்!"

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.