உங்களுக்குத் தெரியுமா? குதிகாலில் சில சொட்டு ரத்தம்

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் மெல்லக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஒற்றிப் பரிசோதிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி. அவர் தேடியது ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோயை. புரத உணவில் உள்ள ஃபீனைல்அலனைனைச் சிதைக்க இக்குழந்தைகளின் உடலால் முடியாது. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்து உணவை மாற்றினால் மூளை தப்பும்.

கத்ரியின் உத்தி அத்தனை அழகு! பாக்டீரியா வளரவிடாமல் தடுக்கும் ஒரு பொருளைக் கலந்த ஊடகத்தில், ரத்தம் தோய்ந்த தாளின் சிறு வட்டத்தை வைத்தார். ஃபீனைல்அலனைன் மிகுந்திருந்தால், தடையை மீறி வட்டத்தைச் சுற்றி பாக்டீரியா வளரும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

பிறந்த உடனே ஏன் ரத்தம் எடுப்பதில்லை? கருவில் இருக்கும்வரை அந்த மிகுதியைத் தாயின் உடலே சமாளித்துவிடும். குழந்தை பால் குடிக்கத் தொடங்கிய பிறகே அளவு ஏறும். அதனால் பொதுவாக 24 மணி நேரமாவது காத்திருக்கிறார்கள். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று பெற்றோர் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. அறிகுறி தெரியும்போது பாதிப்பு நேர்ந்திருக்கும்.

பிறவித் தைராய்டு குறைபாட்டையும் இன்று இதே ரத்தத்தில் கண்டறியலாம். அதற்கு மருந்து, தினமும் தைராக்சின் மாத்திரை. முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும்.