டொராண்டோ டிராம் வண்டிகள்: தாமதத்தின் விலை

கொள்முதல் ஒப்பந்தத்தில் விலை, தரம், கெடு ஆகிய மூன்றும் தெளிவாகக் குறிக்கப்பட்டுவிட்டால் பொருள் உரிய காலத்தில் வந்து சேரும் என்று கருதுவது இயல்பு. கனடாவின் டொராண்டோ நகரம் புதிய டிராம் வண்டிகளுக்காகக் காத்திருந்த வரலாறு இந்நம்பிக்கையை ஐயுறச் செய்கிறது.

வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய டிராம் அமைப்பு இந்நகரத்தினுடையது. 1979 முதல் ஓடிய வண்டிகள் மூப்படைந்துவிட்டன. படியேறிச் செல்ல வேண்டியிருந்ததால் சக்கர நாற்காலியில் வருவோருக்கு அவை பயன்படவும் இல்லை. எனவே, 204 தாழ்தள வண்டிகளை வாங்க நகரப் போக்குவரத்து ஆணையம் 2009-இல் பம்பார்டியர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2019 இறுதிக்குள் அனைத்தும் வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் வண்டிகள் 2014 ஆகஸ்ட் 31 அன்று ஸ்பாடைனா தடத்தில் ஓடத் தொடங்கின. 2015 இறுதிக்குள் அறுபதுக்கு மேற்பட்ட வண்டிகளை எதிர்பார்த்த நகரத்துக்கு இருபதுகூடக் கிட்டவில்லை. காரணம் ஒன்றல்ல. வண்டிச் சட்டங்களும் பக்கச் சுவர்களும் மெக்சிகோவின் சாகுன் நகர ஆலையில் உருவாயின. அவற்றை ஒன்றுசேர்க்கும் பணி ஒன்டாரியோ மாநிலத்தின் தண்டர் பே ஆலையில் நடந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த பாகங்கள் சில அளவில் ஒத்துவராமையால் அவற்றைத் திருத்திய பின்னரே பொருத்த முடிந்தது. ஓரிடத்துப் பிழை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வெளிப்படும்போது அதைக் களையும் செலவு பன்மடங்காகிவிடுகிறது. 2014-இல் தண்டர் பேயில் நிகழ்ந்த வேலைநிறுத்தமும் பணியைப் பின்னுக்குத் தள்ளியது. பிற்பாடு கிங்ஸ்டன் நகரிலும் வண்டிகளை ஒன்றுசேர்க்க ஏற்பாடு செய்யப்பட்டது.

தரக் குறைபாடு அத்துடன் நின்றுவிடவில்லை. வந்து சேர்ந்த வண்டிகளுள் 67-இல் பற்றவைப்பு குறையுடையது என 2018-இல் தெரியவந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கியூபெக் மாநிலத்துக்கு அனுப்பிப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று.

வேறொரு நிறுவனத்தை நாடியிருக்கலாகாதா என்னும் வினா எழலாம். டொராண்டோ தண்டவாளங்களின் அகலம் 1,495 மில்லிமீட்டர். உலகின் பொது அளவோ 1,435. வளைவுகள் மிகக் குறுகலானவை. இதனால் 2008-இல் வந்த முதற்கட்ட ஒப்பந்தப் புள்ளிகளே ஏற்கப்படவில்லை. அச்சூழ்நிலைக்கென்றே வடிவமைத்த வண்டியை அங்காடியில் ஆயத்தமாக வாங்க இயலாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை விற்போரிடையே போட்டி உண்டு. கையெழுத்தான பின்னர் வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் விட்டகல முடியாத நிலை ஏற்படுகிறது. இந்நிலையில் இழப்பீட்டு விதி ஓரளவே துணைபுரியும். 2015-இல் ஆணையம் குறைந்தது 5 கோடி டாலர் கோர முடிவு செய்தது. ஆனால் அத்தொகை வண்டியாகிவிடாது. பழைய வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டும் செலவும், டிராம் தடங்களில் பேருந்துகளை விடும் செலவும் ஆணையத்தின் மீதே விழுந்தன. நிறுத்தத்தில் காத்து நின்ற பயணியின் நேரமோ எக்கணக்கிலும் வரவில்லை!

இறுதி ஆண்டுகளில் உற்பத்தி விரைவுபெற்றது. பழைய வண்டிகள் 2019 டிசம்பர் 29 அன்று ஓய்வுபெற்றன. 204-ஆவது புதிய வண்டி 2020 ஜனவரியில் வந்தது. பம்பார்டியரின் ரயில் பிரிவு 2021-இல் ஆல்ஸ்டாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மேலும் 60 வண்டிகள் வேண்டும் என்று டொராண்டோ அவ்வாண்டில் முடிவு செய்தபோது, ஆணை சென்றதும் அதே தண்டர் பே ஆலைக்குத்தான்.